சங்குப்பூவை யாரிடம் கேட்பது? கடற்கரையில் கண்டெடுத்ததை அடையாளம் காணும் வழிகள்: ஓர் ஒப்பீடு

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தொண்டியில் கடலைப் பார்த்துவிடலாம். நம் செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவர்கள் கண்ணாடிபோல் மின்னக் காரணமான சுண்ணாம்பு கடற்கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது; நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் என்ற வழிவழிச் செய்தியும் நம்மிடம் உண்டு. ஆயினும் கண்மாயையும் ஊருணியையும் பார்த்து வளர்ந்த நமக்கு, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பத்துப் பொருள்களில் இரண்டுக்குக்கூடப் பெயர் சொல்லத் தெரிவதில்லை. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது தடுமாறியிருப்போம். பிள்ளை எதையோ கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்து "இது என்ன?" என்று கேட்கும்; நாம் விடை தெரியாமல் நிற்போம்.

அந்தக் கேள்விக்கு விடை தேட இன்று வழிகள் பல இருக்கின்றன. கையிலுள்ள கைப்பேசியில் படம் எடுத்துத் தேடலாம், இயற்கை ஆர்வலர்கள் கூடிப் பதிவுசெய்யும் செயலியில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கலாம், கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் கேட்கலாம், கடல் உயிரியல் படித்தவர்களை நாடலாம், நூலைப் புரட்டலாம். சில ஆண்டுகளாகத் தொண்டியிலும் அதற்கு வடக்கே உள்ள கரைகளிலும் இவை அனைத்தையும் முயன்று பார்த்திருக்கிறேன். எந்த வழியும் வீணானது அன்று. ஆனால் முதலில் எதை நாடுகிறோம் என்பதைப் பொறுத்து நமக்குக் கிடைக்கும் விடையின் தரமும் அளவும் பெரிதும் மாறுகின்றன. அந்த வரிசையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு மாசி மாதக் காலையில் என் தம்பி மகள் கொண்டுவந்து கொடுத்த பொருளிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம். கிடாயின் கொம்புபோல் முறுக்கி வளைந்திருந்தது. நிறம் வெளிறிய மஞ்சள். வட்டமான தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டியதுபோல் உடலெங்கும் வரிவரியான மடிப்புகள். கையில் எடுத்தால் கனமே இல்லை. அழுத்தினால் ஈரத்தோல்போல் அமுங்கி மறுபடியும் நிமிர்ந்தது. எலும்பும் அன்று, ஓடும் அன்று, செடியும் அன்று. ஒருபுறத்தில் ஒவ்வொரு மடிப்புக்கும் கீறல் போன்ற ஒரு சிறு வாய் இருந்தது. "அயித்தை, இது ஆட்டுக் கொம்பா?" என்று அவள் கேட்டாள். இல்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது.

நான் முதலில் நாடியது கைப்பேசியை. படத்தை வைத்துத் தேடும் ஒரு செயலியில் அதைக் காட்டியபோது முதல் விடையாக ஆட்டுக் கொம்பே வந்தது. அடுத்து உலர்ந்த பவளம். அதற்கும் அடுத்து ஒரு கம்பளிப் பூச்சி. பிள்ளையின் ஊகமும் இயந்திரத்தின் ஊகமும் ஒன்றாக இருந்ததில் வியப்பு எதுவும் இல்லை, ஏனெனில் இரண்டும் வடிவத்தை மட்டுமே பார்த்தன. இத்தகைய செயலிகள் ஏற்கெனவே பெயரிடப்பட்ட இலட்சக்கணக்கான படங்களிலிருந்து கற்றுக்கொள்கின்றன. ஆகவே மனிதர்கள் அதிகமாகப் படமெடுக்கும் உயிரை அவை நன்றாக அறியும், யாரும் திரும்பிப் பார்க்காததை அறியா. நண்டையோ ஆமையையோ, நீல நிறக் காசுபோல் ஒதுங்கும் சிறு மிதவை உயிரையோ, தெளிவான கோலமுள்ள சிப்பியையோ காட்டினால் பெரும்பாலும் அவை சரியான திசையைக் காட்டுகின்றன. முட்டைக்கூடு, உடைந்த ஓடு, காய்ந்து சுருங்கிய உடல், வலையில் சிக்கிக் கசங்கியது ஆகியவற்றில் தடுமாறுகின்றன. கரையில் நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததாக இருப்பதுதான் சிக்கல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இயந்திரம் தயங்குவதில்லை. தெரியாதபோதும் ஏதாவது ஒரு பெயரை முன்வைக்கும். அதைப் படிக்கும் நமக்கு அது ஊகமாகத் தோன்றாமல் தீர்ப்பாகத் தோன்றிவிடுகிறது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியை இதனோடு சேர்த்து எண்ணக் கூடாது. அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் 2008இல் மாணவர்களின் பட்டப்படிப்புத் திட்டமாகத் தொடங்கிய அதில், இயந்திரம் சொல்வது தொடக்கக் குறிப்பு மட்டுமே. பெயரை உறுதிசெய்வோர் மனிதர்கள். ஒரு பதிவுக்குக் குறைந்தது இருவர் ஒரே இனப்பெயரைச் சொல்லி, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் அதில் ஒத்துப்போனால்தான் அது ஆய்வுத் தரம் பெற்றதாகக் குறிக்கப்படுகிறது. மும்பைக் கரைகளில் 2017 முதல் பொதுமக்களை அழைத்துக்கொண்டு போய்க் கடலுயிர்களைப் பதிவுசெய்துவரும் குழுவினரும் இந்தச் செயலியையே பயன்படுத்துகிறார்கள். இடமும் நாளும் படத்தோடு சேர்ந்து பதிவாவது இதன் பெரிய பலம். பாக் விரிகுடாவில் எடுத்த படத்துக்குப் பசிபிக் கடலில் மட்டும் வாழும் உயிரின் பெயரைச் சொல்லும் தவறு இதனால் குறைகிறது. குறை என்னவென்றால், விடை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சில பதிவுகளுக்கு அரை மணி நேரத்தில் பெயர் கிடைத்திருக்கிறது. சில பதிவுகள் ஆண்டுக்கணக்கில் "மெல்லுடலி" என்ற அளவிலேயே நிற்கின்றன. கரையில் நிற்கும் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கும் பொறுமை இருக்காது. கையிலிருக்கும் உயிருக்கும் அவ்வளவு நேரம் இருக்காது.

அன்று எங்களுக்கு விடை கிடைத்தது முப்பதடி தூரத்தில். கரையேற்றிய வல்லத்தின் (நாட்டுப் படகின்) நிழலில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று நீட்டினேன். அவர் கையில்கூட வாங்கவில்லை. "சங்குப்பூ, ஆச்சி. சங்கு முட்டை வைக்கிற கூடு" என்றார்.

பெயரோடு நின்றுவிடாமல் அவர் தொடர்ந்து சொன்னவைதான் எனக்கு முக்கியமாகப் பட்டன. சங்கு இதை மணலில் நட்டு வைக்கும். அடிமுனை மணலுக்குள் புதைந்திருக்க, மேற்பகுதி நீரில் நிமிர்ந்து நிற்கும். தண்ணீருக்குள் பார்த்தால் பூச்செடிபோல் தெரியும், அதனால்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு மடிப்பும் ஓர் அறை. அறைக்குள் இருப்பவை முட்டையாக வெளியே வருவதில்லை; ஓட்டோடு கூடிய குட்டிச் சங்குகளாகவே ஊர்ந்து வெளியேறும். வாய் திறந்திருந்தால் குட்டிகள் போய்விட்டன என்று பொருள், மூடியிருந்தால் உள்ளே இருக்கின்றன. எங்கள் கையிலிருந்த கூட்டில் வாய்கள் திறந்திருந்தன. பின்னர் நான் படித்தறிந்ததும் இதையே உறுதிசெய்தது: கடல்நத்தைகள் பலவற்றின் இளம் பருவம் நீரில் மிதந்து நெடுந்தூரம் பரவுகிறது; சங்குக்கு அப்படி மிதந்து திரியும் பருவம் கிடையாது. கூட்டை விட்டு வரும் குட்டி, கூடு நட்ட இடத்துக்கு அருகிலேயே வாழத் தொடங்குகிறது. ஆகவே ஒரு படுகையில் சங்கு அற்றுப்போனால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்புவது எளிதன்று. வாய் மூடிய சங்குப்பூவை வீட்டுக்கு எடுத்துப்போவது என்றால் ஒரு படுகையின் அடுத்த தலைமுறையில் ஒரு பங்கை எடுத்துப்போவதாகும். "மூடினதா இருந்தா திரும்பப் போட்டுருங்க" என்று அவர் சொன்ன ஒரு வரிக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது.

படத்தேடலுக்கும் கரைக்காரருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. படத்தைப் பார்க்கும் செயலி, பொருள் எதைப்போல் இருக்கிறது என்று சொல்கிறது. கடலோடு வாழ்கிறவர், அது எங்கே இருக்கும், எப்போது வரும், என்ன செய்யும், அதை நாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறார். மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்தில் இட்ட வலையில் ஏறியதா, அலை கொண்டுவந்து போட்டதா என்பதையும் அவரால்தான் பிரித்துச் சொல்ல முடியும். பாக் விரிகுடா பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள அமைதியான கடல். அடியில் மணலும் சேறும் கடற்புல் வெளிகளும் பரந்திருக்கின்றன. அங்கே கரையோரம் கிடப்பவற்றில் பெரும்பகுதி தானாக ஒதுங்கியது அன்று. வலை பிரிக்கும்போது கழித்துப் போடப்பட்டது. இதை அறியாமல் "கரையில் கிடைத்தது" என்று மட்டும் எழுதி ஏற்றினால், தொலைவிலிருந்து பார்க்கும் நிபுணர்கூடத் தவறான இடத்தில் தேடத் தொடங்குவார்.

ஆனால் கரைக்காரரின் சொல் எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் வாதிடவில்லை. ஊர்ப்பெயருக்குச் சில எல்லைகள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டு கேட்பவருக்கே அதன் முழுப்பயன் கிட்டும்.

முதலாவது, ஒரே பெயர் பல பொருளைச் சுட்டும். அன்று மாலை வீடு திரும்பியதும் "சங்குப்பூ" என்று இணையத்தில் தேடினேன். வேலியில் படரும் நீல மலர்க்கொடிதான் பக்கம் பக்கமாக வந்தது. பெயர் சரி, பொருள் வேறு. "கடல் நுரை" என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வெண்ணிற ஓட்டுக்கும் இதே நிலைதான். அது நுரையன்று, கணவாயின் முதுகுக்குள் இருக்கும் ஓடு. கிளி வளர்ப்பவர்கள் சுண்ணாம்புச் சத்துக்காகக் கூண்டில் கட்டித் தொங்கவிடுவதும் அதுவே. பெயரை மட்டும் கேட்டுத் திரும்பியவருக்கு இவை புரியமாட்டா, "எதிலிருந்து வருகிறது?" என்ற அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது, நூலின் சொல்லும் வழக்கின் சொல்லும் நேர் எதிராக நிற்கும் இடங்கள் உண்டு. வலம்புரிச் சங்கை எடுத்துக்கொள்வோம். நாம் அதை வலம்புரி என்கிறோம். உயிரியலார் அதையே இடச்சுழி என்கிறார்கள். யாரும் தவறு செய்யவில்லை. உயிரியலார் சங்கின் சுருள்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். அப்போது வாய் இடப்பக்கம் இருக்கும். நாம் பூசையில் வைக்கும் முறைப்படி சுருள்முனையைக் கீழே வைத்தால் அதே வாய் வலப்பக்கம் வந்துவிடும். இதை அறியாமல் "வலப்பக்கம் சுழல்வது" என்று குறிப்பு மட்டும் எழுதி அனுப்பினால், படிப்பவர் மிகச் சாதாரணமான ஒரு சங்கை நினைத்துக்கொள்வார். படம் இருந்தால் இந்தக் குழப்பமே எழாது.

மூன்றாவதுதான் பெரிய எல்லை. மீனவர்கள் பிடித்து விற்பவற்றுக்கும், கையைக் கடிப்பவற்றுக்கும், வலையைக் கெடுப்பவற்றுக்கும் மிக நுட்பமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கணவாயில் ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் என்று பிரிப்பார்கள், ஆமையில் பேராமை, பங்குனி ஆமை என்று பிரிப்பார்கள். விலைபோகாமல் கழிக்கப்படுபவை அனைத்துக்கும் "சங்காயம்" என்ற ஒரே சொல்தான். இறகுபோல் இருக்கும் கடற்பேனா, ஊதா நிற மையைக் கக்கும் கடல்முயல், மணலுக்குள் வாழும் இதய வடிவக் கடல் முள்ளெலி ஆகியவை இந்தச் சொல்லுக்குள் போய்விடுகின்றன. ஒருமுறை முட்டையோடுபோல் மெல்லியதாகவும், மேலே ஐந்து இதழ்ப் பூ வரைந்ததுபோல் புள்ளிக்கோலம் உள்ளதாகவும் இருந்த ஒரு வெண்ணிற ஓட்டை ஓர் அக்காவிடம் காட்டினேன். "அது ஒண்ணுமில்லம்மா, சங்காயத்துல வரும்" என்றார். அதை ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றியபோது, இதய முள்ளெலியின் ஓடு என்ற விடை அன்று இரவே வந்தது. பேரினம் வரையில்தான் சொல்ல முடியும், அடிப்பக்கப் படம் இருந்திருந்தால் இனத்தையும் சொல்லியிருப்பேன் என்று பதில் எழுதியவர் குறிப்பிட்டிருந்தார். கரை கைவிட்ட இடத்தில் செயலி கைகொடுத்தது. நான் எடுக்காமல் விட்ட ஒரு படத்தால் அதுவும் பாதியில் நின்றது.

கேள்வி "இதன் பெயர் என்ன?" என்பதாக இல்லாமல் "இதைத் தொடலாமா?" என்பதாக இருந்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. கரைக்காரரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். இறந்து ஒதுங்கிய சொறியின் (ஜெல்லி மீனின்) இழைகள் காய்ந்த பிறகும் கொட்டும். அசையாமல் கிடக்கும் கடல்பாம்பு செத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வால் துடுப்புபோல் தட்டையாக இருந்தால் அது விலாங்கு அன்று, பாம்பு என்று கொண்டு விலகிவிட வேண்டும். கூம்பு வடிவில், காண்போர் மனத்தைக் கவரும் கோலங்களோடு இருக்கும் நத்தைகள் சில, உயிரோடு இருக்கும்போது ஊசிபோன்ற பல்லால் நஞ்சைச் செலுத்துபவை. அவற்றுள் மனிதரைக் கொல்லக்கூடியவையும் உண்டு. பேத்தை மீனின் நஞ்சு சமைத்தாலும் போகாது. இவற்றைப் படமெடுத்து, ஏற்றி, விடை வரும்வரை பிள்ளையின் கையில் வைத்திருக்கச் செய்வது பெரும் பிழை.

சட்டமும் இதே வகையைச் சேர்ந்த கேள்விதான். கடல் அட்டை, கடல்குதிரை, பவளம், கடல்விசிறி ஆகியவற்றை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் சேர்த்தார்கள். சில பெரிய சங்கினங்களும் அப்பட்டியலில் உண்டு. இவற்றை எடுத்து வைத்திருப்பது சிறைத்தண்டனைவரை போகக்கூடிய குற்றம். தொண்டிக் கரையில் வலை பிரிக்கும் எவரும் கடல் அட்டையைப் பார்த்த உடனே "அதத் தொடாதீங்க, கேஸாயிரும்" என்று சொல்லிவிடுவார். செயலி அறிவியற் பெயரைச் சரியாகச் சொல்லும். அதைப் பையில் போட்டுக்கொண்டு காரைக்குடிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லாது. நம் உறவினர் வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் பழைய பவளக்கொத்துகளையும் உலர்ந்த கடல்குதிரைகளையும் இன்றும் பார்க்க முடிகிறது. முந்தைய தலைமுறை அறியாமல் வாங்கியவை அவை. இனி ஒன்றுகூட அவற்றோடு சேரக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

படித்த நிபுணர்களை நாடும் வழிக்கு நம் பகுதியில் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுகள் துறை தொண்டியிலேயே வளாகம் அமைத்து இயங்குகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டபின் பல ஆண்டுகள் மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் அங்கே அதன் மண்டல மையமும் காட்சியகமும் உள்ளன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆயினும் இந்த வழியை அன்றாடக் கேள்விகளுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொரு சிப்பிக்கும் ஓர் ஆய்வாளரைத் தொல்லைப்படுத்துவது முறையன்று. மேலும், ஓர் ஆய்வாளர் தாம் ஆராயும் பிரிவைத்தான் நுணுக்கமாக அறிந்திருப்பார், நண்டு படித்தவரிடம் பஞ்சுயிரியைக் காட்டிப் பயனில்லை. அவர்களிடம் போக வேண்டிய தருணங்கள் வேறு. காலில் அடையாளத் தகடு மாட்டிய ஆமை, கரைக்காரர்களே "இதுவரை பார்த்ததில்லை" என்று சொல்லும் உயிர், கூட்டங்கூட்டமாகச் செத்து ஒதுங்கும் மீன்கள் ஆகியவற்றைக் கண்டால் அன்றே தெரிவிக்க வேண்டும். ஆவுளியா என்னும் கடற்பசு ஒதுங்கினால், உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும், முதலில் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது என்பதிலிருந்தே அந்த விலங்கு எவ்வளவு அரிதாகிவிட்டது என்று உணரலாம்.

மண்டபத்துக் காட்சியகத்துக்கு மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமலே ஒருமுறை பிள்ளைகளோடு போய்வாருங்கள். முழு உடலோடு இருக்கும் உயிரை ஒருமுறை கண்ட கண்ணுக்கு, கரையில் கிடக்கும் அதன் துண்டு அடுத்த முறை புரிந்துவிடும்.

நூல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேறு கடல்களுக்காக எழுதப்பட்ட வண்ணப்பட வழிகாட்டிகள் அழகானவை, ஆனால் நம் கரையில் திசை தப்பவைப்பவை. நம் கடலுக்கான நூல்கள் பெரும்பாலும் மீனையும் சிப்பியையும் பற்றியவை. கரையில் கிடக்கும் கூட்டையும் துண்டையும் பற்றி அவற்றில் தேடினால் கிடைப்பது சொற்பம். பெயர் ஒன்று கையில் கிடைத்த பிறகு மேலும் அறிந்துகொள்ள நூல் உதவும். பெயரே தெரியாதபோது எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? உறவினர்களின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டுக் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். அங்கே வருபவை பத்து ஊகங்கள், அவற்றோடு எங்கோ நடந்ததாகச் சொல்லப்படும் ஓர் அச்சமூட்டும் கதை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அடிப்படையாக நிற்பது நாம் எடுக்கும் படமும் குறிப்பும்தான். இதை நான் காலம் தாழ்த்தியே உணர்ந்தேன். சங்குப்பூவின் முதல் படம், தம்பி மகளின் பூப்போட்ட பாவாடை பின்னால் தெரிய, கையில் பிடித்தபடி எடுத்தது; அதைக் கொண்டு இயந்திரம் தடுமாறியதில் என் பங்கும் இருந்தது. இப்போது பொருளை ஈர மணலில் வைத்து, வெயில் நேராக விழாதபடி உடல் நிழலில் மறைத்து, மேலே, கீழே, பக்கவாட்டில் என மூன்று படமாவது எடுக்கிறேன். அடிப்பக்கத்தை விட்டுவிடவே கூடாது. முள்ளெலியில் வாயும், நத்தையில் ஓட்டின் வாயும், நட்சத்திரமீனில் சிறு கால்கள் வரிசையாக இருக்கும் பள்ளங்களும் அங்கேதான் இருக்கின்றன, இனத்தைப் பிரிப்பவை பெரும்பாலும் அவையே. அளவு தெரிய அருகில் பத்து ரூபாய் நாணயத்தை வைக்கிறேன். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால், உலகின் எந்த மூலையிலிருந்து பார்ப்பவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அதன்பின் கிடந்த இடத்தை ஒரு படம்: வலைக்குப் பக்கமா, கடற்புல் குவியலிலா, நீர் வற்றிய சேற்றிலா என்று அது சொல்லிவிடும். உயிரோடு இருந்தால் இவை அனைத்தும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்; முடிந்ததும் நீரில் விட்டுவிட வேண்டும். ஒருமுறை சேற்றில் சும்மாடுபோல் வட்டமாகச் சுருண்டு கிடந்த மணல் வளையத்தை உடைந்த பானையின் விளிம்பு என்று எண்ணிக் கையிலெடுத்தோம். நிலா நத்தை மணலையும் தன் கோழையையும் சேர்த்துச் செய்யும் முட்டை வளையம் அது. படமெடுத்து, எடுத்த இடத்திலேயே எடுத்தபடி வைத்தோம்.

ஆகவே என் வரிசை இது. கண்டதும் தொடாமல் கரைக்காரரிடம் கேட்பேன். பெயரை மட்டுமன்றி, எங்கே கிடைக்கும், எந்த மாதத்தில், எத்தனை பாகத்தில் என்றும் கேட்பேன். கேட்பதற்கும் நேரம் உண்டு. வல்லம் கரையேறி மீனை எடைபோடும் வேளையில் கேட்பது அவர்களின் பிழைப்பில் குறுக்கிடுவதாகும். வலை பிரித்து உட்கார்ந்த பிறகு கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த அறுபத்தொரு நாட்களில் கரையில் வலை பழுதுபார்ப்போரிடம் பேச நேரம் கிடைக்கிறது, பிள்ளைகளுக்கும் அது பள்ளி விடுமுறைக் காலம். பிறகு படங்களை ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றி, கேட்ட தமிழ்ப் பெயரையும் செய்தியையும் தமிழிலேயே குறிப்பாக எழுதிவிடுவேன். படத்தேடல் செயலியை வீட்டுக்கு வந்தபின், மற்றவற்றோடு ஒத்துப்பார்க்க மட்டும் திறப்பேன். இரண்டு வழியிலும் விடை கிடைக்காதது ஆண்டுக்கு ஒன்றிரண்டு வரும். அவற்றை மட்டும் தொண்டி வளாகத்துக்குக் கொண்டுபோகலாம், அதுவும் படமாக.

கைப்பேசியை முதலில் நீட்டாதிருக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. செயலி சொல்லும் பெயர் இலத்தீனில் வரும், அல்லது ஆங்கிலத்தில் வரும். அது நாளைக்கும் அங்கேயே இருக்கும். சங்குப்பூ என்ற பெயரோ ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் காதுக்குப் போய்த்தான் இதுவரை வந்திருக்கிறது. அன்று அந்தப் பெரியவரிடம் கேட்டிராவிட்டால், என் தம்பி மகளுக்கு அது கடைசிவரை ஆட்டுக் கொம்பாகவே இருந்திருக்கும். ஐநேச்சுரலிஸ்டில் ஓர் இனத்துக்கு வட்டாரப் பெயர்களைச் சேர்க்க வழி இருக்கிறது. கரையில் கேட்டறிந்து வந்த ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சேர்த்தாலே, அடுத்து தமிழில் தேடுபவருக்கு நீல மலர்க்கொடியோடு சங்கின் கூடும் கண்ணில் படும்.

அடுத்த ஆண்டு மாசியில் மறுபடியும் அவளை அழைத்துக்கொண்டு போனேன். அந்தப் பெரியவர் இருந்தார். நீர் வற்றியிருந்த நேரம் பார்த்து, முழங்கால் ஆழத்தில் எங்களை நடத்திக்கொண்டு போய், கடற்புல்லுக்கு நடுவே ஓரிடத்தில் நிறுத்திக் குனிந்து பார்க்கச் சொன்னார். மணலில் நட்டபடி, மேல்முனை நீரில் லேசாக ஆடிக்கொண்டு, ஒரு சங்குப்பூ நின்றிருந்தது. வாய்கள் எல்லாம் மூடியிருந்தன. தம்பி மகள் நீரில் நின்றபடியே படமெடுத்தாள். நாணயத்தை மணலில் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று. பிறகு மூவரும் வந்த தடத்திலேயே, புல்லை மிதிக்காமல் கரைக்குத் திரும்பினோம்.